றொசலின்ட் பிராங்ளின் பெற்ற பட்டம்

1920 இல் இலண்டனில் பிறந்த றொசலின்ட் பிராங்ளினும் நம்மைப் போல ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியே. பௌதிகவியலும் இரசாயனவியலும் பெண்களுக்கு அரிதாயிருந்த காலத்தில் சென். போல்ஸ் பாடசாலை அவற்றைக் கற்பித்தது. 1938 இல் கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1941 இல் இரசாயனவியலில் இரண்டாம் வகுப்புச் சித்தி. ஆண்களோடு ஒரே பரீட்சை எழுதியும், பெண்ணென்பதால் கிடைத்தது பெயரளவிலான பட்டமே! பெண்களுக்கு முழுப் பட்டத்தைக் கேம்பிரிட்ஜ் 1948 இல்தான் வழங்கத் தொடங்கியது. அதற்குள் அவர் நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து கலாநிதியாகியிருந்தார். 1952 இல் அவரது வழிகாட்டலில் எடுக்கப்பட்ட எக்ஸ் கதிர்ப் படம், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிய உதவியது. 1958 இல் புற்றுநோயால் காலமானபோது வயது 37.