கடல் மணலில் வரலாறு கண்டவர்

கடற்கரை மணலில் வீடு கட்டி விளையாடாதவர் நம்மில் யார்? ஆனால் அம்மணலில் ஒரு பிடி அள்ளி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோமா? அவ்வாறு பார்த்த ஒரு சிறுவனே பிற்காலத்தில் உலகறிந்த விஞ்ஞானியானான்.

அல்சீட் டோர்பினி 1802-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். குடும்பம் கடலோரச் சிற்றூர் ஒன்றில் குடியேறியபோது, தந்தையும் மகனும் மணலை ஆராய்ந்தனர். அதில் குண்டூசித் தலையினும் சிறிய ஓடுகள் இருந்தன! ஒவ்வொன்றிலும் பல அறைகள்; அறைகளை இணைக்கும் துளைகள். 1826-இல் டோர்பினி அவற்றிற்குத் துளை தாங்கிகள் என்னும் பொருளில் 'ஃபொராமினிஃபெரா' என்று பெயரிட்டார். மற்றவரும் கண்டு மகிழ, அவற்றின் உருவங்களைப் பெரிதாகச் செதுக்கி 100 மாதிரிகள் செய்தார். அவ்வாண்டே தென் அமெரிக்கா சென்று, 1834 வரை அங்கு ஆராய்ச்சிப் பயணம் செய்தார்.

அவர் தவறே செய்யாதவரா? இல்லை. அறைகளைக் கண்டு, இவை கணவாய், நாட்டிலஸ் ஆகியவற்றின் இனம் என எண்ணியிருந்தார். 1835-இல் துஜார்தின் என்ற விஞ்ஞானி உயிருள்ளவற்றை ஆராய்ந்து, இவை மிக எளிய உயிர்களே என்று காட்டினார். டோர்பினி பிடிவாதம் பிடிக்கவில்லை. 1839-இல் வெளியிட்ட நூலில் அவற்றைத் தனி வகுப்பாகப் பிரித்துவிட்டார்.

இவ்வினத்தில் நாணயம் போன்ற பெரியவையும் உண்டு. அவை நம்முலைட்டுகள். எகிப்தியப் பிரமிடுக் கற்களில் இவற்றைக் கண்ட பழங்கால மக்கள், வேலையாட்கள் உண்டு மிஞ்சிய பருப்பு கல்லாயிற்று என்றனர்! சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், டெத்திஸ் என்னும் வெதுவெதுப்பான கடலில் ஐரோப்பா முதல் எகிப்து, கட்ச், மேகாலயா வரை இவை வாழ்ந்தன. காலந்தோறும் இவற்றின் வடிவம் மாறியதால், இவற்றைக் கொண்டே பாறையின் வயதை அறிகிறோம்.

பாறை அடுக்குகளை அவற்றிலுள்ள உயிர்ச்சுவடுகளால் பிரிக்கும் முறையை வளர்த்தவர் டோர்பினி. ஒவ்வொரு காலத்திலும் உயிர்கள் முற்றும் அழிந்து புதியவை தோன்றின என்று அவர் கருதினார். ஒன்றிலிருந்து மற்றொன்று படிப்படியாகத் தோன்றியதைப் பின்வந்தோர் விளக்கினர். ஆயினும் அவர் இட்ட காலப்பெயர்கள் நிலைத்தன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பாறைகளின் வயதைக் குறிக்க, ஆல்பியன், செனோமேனியன் என்ற அவருடைய பெயர்களையே இன்றும் வழங்குகிறோம்.

1853-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் முதல் தொல்லுயிரியல் பேராசிரியரான அவர், 1857-இல் மறைந்தார்.

சிறியதென்று எதையும் தள்ளாத கண்ணும், தவறெனத் தெரிந்ததும் திருத்திக்கொள்ளும் மனமும் அவருடைய செல்வங்கள். தேர்வுத்தாளில் சிவப்பு மையைக் கண்டு முகம் வாடும் நாம், அவரை நினைவில் கொள்வோம்.