நீதிக்குத் தமிழ் தந்த வேதநாயகர்

தமிழின் முதல் புதினத்தைப் படைத்தவர் என்று நாம் போற்றும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, வாழ்நாளின் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் கழித்தவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்த இவர், தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். அதன்பின் முன்சீப்பாக உயர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார்.

முன்சீப் என்பவர் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி. களவும் கொலையும் அவர் முன் வருவதில்லை. கொடுத்த கடன் திரும்பாதவர், வரப்பு நகர்த்தப்பட்டு நிலம் இழந்தவர், பாகப் பிரிவினையில் பங்கு மறுக்கப்பட்டவர் ஆகியோரே அங்கு முறையிடுவர். இழப்பை ஈடுசெய்வதே அம்மன்றத்தின் கடமை, தண்டிப்பது அன்று. உழவர் குடும்பத்திற்கு ஒரு காணி நிலம் போவது வாழ்வே போவதற்கு ஒப்பாகும். ஆதலால் அத்தீர்ப்புகளின் கனம் சிறிதன்று.

இத்தகைய வழக்குகளில் முந்தைய மேல்மன்றத் தீர்ப்புகள் வழிகாட்டியாக அமைவன. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. தன் நிலம் ஏன் போயிற்று, எதிரியின் வாதம் ஏன் வென்றது என்பதை அறியாமலே வழக்காடியவர் வீடு திரும்ப நேர்ந்தது. இக்குறையை வேதநாயகர் உணர்ந்தார். 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். சட்டத் தீர்ப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சி இதுவாகும்.

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் புதினத்திலும் அவர் இக்கருத்தை விடவில்லை. தமிழர் வழக்கைத் தமிழறிந்த நீதிபதி முன்னே ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கறிஞர்களைக் கதை வழியே நகைத்துக் கண்டித்தார். வழக்கின் பொருள் வழக்காளிக்கே விளங்காதபோது நீதி முழுமை பெறாது என்பது அவர்தம் துணிபு.

மன்றத்திற்கு வெளியேயும் அவர் நெஞ்சம் பிறர் இழப்பை உணர்ந்தது. 1876ஆம் ஆண்டு தொடங்கிய கொடிய பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அதனைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார்.

1889இல் வேதநாயகர் மறைந்தார். நீதிமன்றங்களில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்னும் குரல் இன்று எழும்போதெல்லாம், அதற்கு முதலில் உழைத்த முன்சீப்பின் பணி நினைவுக்கு வருகிறது.