நகராட்சித் தலைவர்.. மாஜிஸ்திரேட்.. மொத்தம் 29 பொறுப்பு! பெரியார் எல்லாத்தையும் உதறியது ஏன்?

ஊராட்சித் தலைவரா இருக்கிறவர் அரசு வேலையும் பார்க்கலாமா? பெரம்பலூர், அரியலூர் பக்கம் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தாலே கிளம்பும் கேள்வி இது. 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அரசு ஊழியர் போட்டியிடவே முடியாது. வேலையை விட்டுட்டுத்தான் வரணும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி கதையே வேற. 1879-ல் ஈரோட்டில் பிறந்த ராமசாமியை எடுத்துக்கோங்க. பள்ளிக்கூடம் சில வருஷம்தான். 12 வயசிலேயே அப்பா வெங்கடப்பரின் வியாபாரத்துக்கு வந்துட்டார். பிறகு ஈரோடு நகராட்சித் தலைவர். ஊருக்குக் காவிரிக் குடிநீர் கொண்டுவந்தவர். அதே ஆள் கவுரவ மாஜிஸ்திரேட்டும்கூட. தேவஸ்தான கமிட்டியிலும் பொறுப்பு (ஆமா, பெரியாரேதான்!). எல்லாம் சேர்த்து 29.

சம்பளம் இல்லாத பதவிகள்தானே என்று தோணலாம். சிக்கல் சம்பளத்தில் இல்லை. வரி போடும் நகராட்சிக்கும் தலைவர், வழக்கு விசாரிக்கிற இடத்திலும் அவரே என்றால், நகராட்சி மேல் புகார் உள்ளவர் யாரிடம் போவார்? இன்னொன்று, மாஜிஸ்திரேட் நாற்காலி வெள்ளைக்கார அரசு கொடுத்தது. அதில் உட்கார்ந்தபடியே அந்த அரசை எதிர்க்க முடியுமா?

அந்த இரண்டாவது சிக்கல்தான் அவரை நகர்த்தியது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி காங்கிரஸுக்கு அழைக்க, 1919-ல் 29 பொறுப்புகளையும் மொத்தமாக ராஜினாமா செய்தார். குடும்ப வியாபாரத்தையும் விட்டார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். 1921-ல் கள்ளுக்கடை மறியல், 1924-ல் வைக்கம், இரண்டிலும் சிறை. 1925-ல் காங்கிரஸையும் விட்டு வெளியேறினார்.

1973 டிசம்பர் 24-ல் இறக்கும்வரை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ அவர் போட்டியிடவே இல்லை.