அகராதி தந்த குடும்பம்

கண்டி மாநகரிலிருந்து கிழக்கு நோக்கி மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில் உள்ளது திகன. தும்பறைப் பள்ளத்தாக்கின் மலைகள் சூழ்ந்த இவ்வூரிற் பகலிற் பாடசாலை ஆசிரியனாகவும், மாலையிற் பண்டித வகுப்பு நடத்துபவனாகவும் யான் காலம் போக்கி வருகின்றேன். என் மேசையை விட்டு எஞ்ஞான்றும் நீங்காத தடித்த நூலொன்று உண்டு. தாள்களின் மூலை மடிந்து, தையல் தளர்ந்து, முதுகிற்கு இருமுறை துணி ஒட்டப்பெற்ற அந்நூல் வின்சுலோ அகராதியின் மறுபதிப்பாகும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவியொருத்தி ஒரு சொல்லின் பொருளைத் தேடி அந்நூலைப் புரட்டினாள். முகப்பிலுள்ள பெயரைக் கண்டு, தமிழ்ப் பெயரல்லாத இவர் யாவர் என வினவினாள். அவர் வரலாற்றை யான் சொல்லலானேன். வின்சுலோவும் அவர் மனைவியாரும் தம் மூத்த மகனைக் கடல் கடந்து அனுப்பிய இடம் வந்ததும் அவள் முகம் மாறிற்று. அவளுடைய தாய் ஆறாண்டுகளாக அரபு நாடொன்றில் வீட்டுப் பணி செய்பவள். அங்கே பிரிந்து சென்றவன் மகன், இங்கே தாய். இடையிற் கிடக்கும் கடல் ஒன்றே அன்றோ? அவர்கள் நம்பியிருந்த கடவுள் அப்பிள்ளையைக் காத்தாரா என்று அவள் கேட்டாள். யான் உடனே விடை கூறவில்லை. கூற இயலவும் இல்லை. அவ்வினாவை மனத்திற் கொண்டே அக்குடும்பத்தின் வரலாற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

மைரன் வின்சுலோ 1789ஆம் ஆண்டில் வட அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்து வில்லிஸ்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் வணிகத்தில் ஈடுபட்ட அவர், சமயப் பணியே தம் பணியெனத் துணிந்து, மிடில்பெரிக் கல்லூரியிலும் பின்னர் ஆண்டோவர் இறையியற் பள்ளியிலும் பயின்று, 1818இற் குருவானார். அவர் கைப்பிடித்த ஹரியற் லாத்திரப், கொனற்றிக்கட் மாநிலத்து நோர்விச் நகரில் 1796இற் பிறந்தவர். 1819 சனவரியில் அவர்கள் திருமணம் நிகழ்ந்தது. அதே ஆண்டு யூன் 8ஆம் நாள், பொஸ்ரன் துறைமுகத்தில் இந்தஸ் என்னும் பாய்க்கப்பலில் இருவரும் ஏறினர். ஸ்போல்டிங் ஐயரும், உட்வேட் ஐயரும், மருத்துவர் யோன் ஸ்கடரும், அவர்தம் மனைவியரும் உடன் வந்தனர்.

அக்காலக் கடற்செலவை இக்காலத்தார் எண்ணிப் பார்த்தல் அரிது. சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இலேயே ஆம். ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு கல்கத்தாவை அடைய நான்கு திங்களுக்கு மேலாயிற்று. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினால், மறுமொழி காண ஓராண்டு கழியினும் கழியும். தாய் நோயுற்றாள் என்னும் செய்தி வருமுன் அவள் அடக்கமும் முடிந்துவிடும். திரும்பி வருவோம் என்னும் எண்ணமின்றியே இத்தகையோர் கப்பலேறினர். ஆகலின், நம்பிக்கை என்பது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சன்று. நாள்தோறும் உண்ணும் சோறுபோல்வது.

1820ஆம் ஆண்டில் அவர்கள் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அமெரிக்க மிசன் அங்கே கால்கொண்டு நான்காண்டுகளே ஆகியிருந்தன. வின்சுலோ குடும்பத்திற்கு உடுவில் என்னும் ஊர் பணிக்களமாக வாய்த்தது. ஒல்லாந்தர் காலத்திற் கட்டப்பெற்றுப் பாழடைந்து கிடந்த கோயிலும் வீடும் அவர்கள் இல்லமாயின.

அவ்வாண்டிலேயே ஓர் இடர் நேர்ந்தது. தேசாதிபதியின் பொறுப்பை அப்போது வகித்த எட்வேட் பாண்ஸ், அம்மிசனுக்கு அச்சுத் தொழில் செய்ய வந்த கறற் என்பவரை இலங்கையில் தங்க விடாது வெளியேற்றினார். புதிய அமெரிக்க மிசனரிமார் வருவதற்கு 1833 வரை இசைவு கிட்டிற்றில்லை. கண்டிப் பகுதியார்க்குப் பாண்ஸ் அந்நியரல்லர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைத்தவரும், இம்மலைகளிற் கோப்பிப் பயிர் பரவ ஊக்கம் தந்தவரும் அவரே. மலைநாட்டிற்கு வழி திறந்த அதே கை, வடக்கே அமெரிக்கர்க்குக் கதவடைத்தது. அக்கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த ஏழைத் தமிழர் இக்காடுகளில் நோய்க்கு இரையாகத் தொடங்கிய நாளில், வடக்கே ஒரு சிறு கூட்டத்தார் துணைவரவு இன்றித் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருந்தனர்.

வெளியிலிருந்து உதவி வாராத அந்தப் பதின்மூன்று ஆண்டுகளே வின்சுலோவைத் தமிழறிஞராக்கின என்பது என் துணிபு. கடவுளை நம்பி வந்தவர், அந்நிய மண்ணில் அயலாரையும் நம்பியே தீரவேண்டும். அரிசிக்கு அயலார், கிணற்று நீருக்கு அயலார், பேசும் மொழிக்கும் அயலார். தமிழ் கற்க அவர் யாரிடம் செல்வார்? திருநீறணிந்த சைவப் புலவர் முன்னரே மாணாக்கராய் அமரவேண்டியிருந்தது. எவர் சமயத்தை மாற்ற வந்தாரோ, அவர் காலடியிலேயே எழுத்துக் கற்கும் நிலை அது. தமக்குத் தெரியாது என்பதை நாள்தோறும் ஒப்புக்கொள்ளச் செய்யும் அக்கல்வி, செருக்கைத் தேய்க்கும் அரம் போன்றது.

ஹரியற் அம்மையாரின் பணி வேறு. பெண்மகள் ஏடு தொடுதல் குடிப்பிறப்புக்கு இழுக்கென எண்ணிய காலம் அது. மழைக்கு ஒதுங்கிய சிறுமியர் இருவர் மிசன் வீட்டில் இரவு தங்கி உண்டதே பள்ளிக்கு வித்தாயிற்று என்று உடுவிற் பகுதியிற் கதையொன்று வழங்கும். 1824இல் அம்மையார் அங்கே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். உணவும் உடையும் அளித்ததோடு, படித்து முடித்து மணம் புரியும் பெண்ணுக்குச் சீதனமும் மிசன் வழங்கிற்று. பெற்றோரின் தயக்கம் எத்துணைப் பெரிது என்பதற்கு இதுவே சான்று. ஆசியாவின் முதற் பெண்கள் விடுதிப் பள்ளி எனப் பலரும் போற்றும் அப்பள்ளி, உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்து, 2024இல் இருநூறாண்டு நிறைவு கண்டது.

ஆயினும், புகழ்ச்சியின்கண் உண்மை மறைதல் தகாது. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்களை இச்சிறுமியர்க்கு இட்டு வழங்கும் வழக்கம் அம்மிசனில் இருந்தது. தாயும் தந்தையும் அழைத்த பெயர் நீங்கி, கண்டறியாச் சீமாட்டி ஒருத்தியின் பெயரைத் தாங்கி வாழ்தல் சிறிய இழப்பன்று. சோறும் எழுத்தும் ஒரு கையால் தந்து, பெயரையும் நெறியையும் மறு கையால் வாங்குவதோ என்று சைவ மக்கள் புண்பட்டனர். அப்புண்ணிலிருந்து எழுந்தவரே ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப் பள்ளியும், அவர்தம் அச்சுப் பணியும், மிசன் காட்டிய வழியை மிசனுக்கே எதிராகத் திருப்பிய செயல்களாம். தமிழுக்கு இருவர் பணியாலும் ஆக்கமே விளைந்தது.

இனி, மாணவியின் வினாவிற்கு வருகின்றேன். வின்சுலோ தம்பதியரின் மூத்த மகன் சாள்ஸ் 1821இற் பிறந்தான். யாழ்ப்பாணத்து மணலில் ஓடி விளையாடிய பிள்ளை. பிள்ளைகளை உரிய வயதில் தாயகத்திற் கற்பிக்க அனுப்புதல் மிசனரிமாரிடையே வழக்கமாக இருந்தது. அவ்வாறே சாள்ஸ் கப்பலேற்றப்பட்டான். 1832ஆம் ஆண்டு மே மாதத்தில், பதினொரு வயதில், நியூயோர்க்கில் அவன் இறந்தான். தாயின் கை அவன் நெற்றியைத் தொடவில்லை. எட்டுத் திங்கள் நிறையுமுன், 1833 சனவரி 14ஆம் நாள், ஹரியற் அம்மையாரும் உடுவிலில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தாறு.

ஆகவே, அவர்கள் நம்பிய கடவுள் அப்பிள்ளையை நோயினின்று காத்தாரல்லர். இதனை மழுப்புதல் அறமன்று. பெற்றோர் தாமே தேர்ந்து துன்பம் ஏற்றனர், பிள்ளையோ தேரவில்லை. நம்பிக்கைக்காக ஒருவர் தம்மை ஈவது வேறு. தம் மக்களின் குழந்தைப் பருவத்தை ஈவது வேறு. இந்த வேறுபாட்டை அக்குடும்பத்தார் அறியாதவரல்லர் என்றே எண்ணுகின்றேன்.

பின்னும் அவர்கள் பின்வாங்கிற்றிலர். ஹரியற் அம்மையாரின் உடன்பிறந்த நங்கையர் மூவர் மிசனரிமாரின் மனைவியராகி, ஒருவர்பின் ஒருவராக அதே மிசனுக்கு வந்தனர். அவருள் ஒருவர் கொள்ளைநோயாற் கணவரோடு மாண்டார். ஒரு வீட்டின் பெண்மக்கள் நால்வர் இத்தீவை நாடி வந்தமை அன்பின் மிகுதியோ, நம்பிக்கையின் கடுமையோ, யான் அறியேன்.

தாயிழந்த மக்களுடன் வின்சுலோ அமெரிக்கா சென்றார். மனைவியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1835இல் வெளியிட்டார். மக்களை அங்கே விட்டுவிட்டுத் தாம் மட்டும் மீண்டார். 1836இல் ஸ்கடரோடு சென்னையில் அமெரிக்க மிசனைத் தொடங்கினார். வாழ்நாளில் ஐந்து முறை மணம் புரிந்தவர் அவர். அஃது ஆசையின் கணக்கன்று, சாவின் கணக்கு. நால்வரை அவர் அடக்கம் செய்தார்.

இத்தனை சாவுகளுக்கு இடையிலேதான் அகராதி வளர்ந்தது. அதற்கு வித்திட்டவர் யாழ்ப்பாணத்து நைற் ஐயர். 1838இல் அவர் இறந்தபின் அவர் திரட்டிய சொற்கள் அமெரிக்க மிசனாரிடம் வந்தன. வின்சுலோ அப்பணியைத் தம் தோள்மேற் சுமந்தார். இராமானுச கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர்கள் துணை நின்றனர். செய்யுட் சொல்லோடு தெருவில் வழங்கும் சொல்லும், சோதிடச் சொல்லும், மருந்துச் செடியின் பெயரும், தெய்வங்களின் பெயரும் அதில் இடம்பெற்றன. தாம் வணங்காத தெய்வங்களின் திருப்பெயர்களையும் அவர் விட்டுவிட்டாரல்லர். 1862இற் சென்னையில் அது வெளிவந்தபோது, 67,452 சொற்கள் அதில் அடங்கியிருந்தன. அவற்றுள் 30,551 சொற்கள் அகராதியொன்றில் முதன்முறையாக ஏறியவை. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. பிற்காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் எழுவதற்கும் அதுவே அடித்தளமாயிற்று.

இரண்டாண்டு சென்றபின், உடல் தளர்ந்து தாயகம் திரும்பும் வழியில், 1864 ஒக்ரோபர் 22ஆம் நாள், நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் துறந்தார். ஒரே கப்பலில் உடன் வந்த ஸ்கடர் 1855இல் இறந்ததும் அந்நிலப்பகுதியிலேயாம். முதற் பயணத்தில் இருவரும் சுற்றி வந்த அந்நிலமே இருவரையும் ஏற்றுக்கொண்டது.

இன்னும் ஒன்று சொல்லுதல் வேண்டும். 1829இல் இலங்கையிற் பிறந்து, தாயை இழந்து, அமெரிக்காவில் வளர்ந்த மகள் ஒருத்தியும் தாயின் பெயரையே தாங்கி ஹரியற் எனப்பட்டார். அவர் டலஸ் என்னும் இளங்குருவை மணந்து, சென்னை மிசனில் தந்தையார் பணிபுரிந்த நாளிலேயே அங்கு வந்து சிலகாலம் வாழ்ந்தார். 1953 முதல் 1959 வரை அமெரிக்க அரசின் வெளிநாட்டமைச்சராயிருந்த யோன் பொஸ்ரர் டலஸ் இவ்வம்மையாரின் பேரர். உலகத்தார் பேரரை அறிவர். கடல் பிரித்த மகளைச் சென்னையில் மீண்டும் கண்ட தந்தையின் முகத்தையே யான் நினைத்துப் பார்க்கின்றேன்.

மாணவிக்கு யான் கூறிய விடை இதுவே. நம்பிக்கை அவர்களைத் துயரினின்று காக்கவில்லை. துயரின் நடுவிலும் கைவேலை நில்லாமற் காத்தது. சாள்ஸுக்கு அது ஈடாகாது. ஈடாயிற்று என்று எவரேனும் சொல்லின், அதனை நம்பற்க. அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர் அகராதியை எடுத்துத் தான் தேட வந்த சொல்லைக் கண்டு, பொருளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தாய்க்கு அன்றிரவு தொலைபேசியிற் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்தது என்று கூறி விடைபெற்றுச் சென்றாள்.

யான் நூலை மூடவில்லை. அவள் விட்ட பக்கத்திலேயே அது நெடுநேரம் திறந்து கிடந்தது.