பிடி அரிசியில் படித்த பிள்ளை

விழா மலரில் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதுவதே வழக்கம். இம்முறை நாம் அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, இம்மண்ணில் பிறந்த பெருந்தலைவர் காமராசரைப் பற்றி எழுத முன்வந்தோம். அவர் நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும், பங்கின் பொது நிதி குறித்து நம்மைச் சில ஆண்டுகளாக வருத்திவரும் கவலைக்கு அவருடைய வரலாறு தரும் வெளிச்சம் பெரிது.

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், அந்நாளில் விருதுபட்டி எனப்பட்ட விருதுநகரில், குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் படித்தது சத்திரிய வித்தியாசாலையில். இப்பள்ளி 1889-இல் தொடங்கப்பட்டது. அது நடந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

உலையில் அரிசி போடுமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். அதை வீடுவீடாகச் சென்று சேர்த்து விற்பார்கள். விற்ற காசு பள்ளிக்கு. இது பிடி அரிசி. வணிகர்களிடையே மகமை என்றொரு முறையும் இருந்தது. விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறையின் பொது நிதியில் சேர்த்துவிடுவார்கள். ஊதியம் எதிர்பாராத ஊர்ப் பெரியவர்கள் அந்நிதிக்குக் கணக்கு வைத்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் இன்னதற்குத்தான் என்று முடிச்சுப் போட்டு வரவில்லை என்பதே. ஆசிரியர் சம்பளமா, கிணறா, கூரையா என்பதை அப்பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். அரிசி போட்ட தாய் தன் பிடி எந்த வகுப்பறைக்குப் போயிற்று என்று கேட்டதில்லை.

நம் நிலையை நினைத்துக்கொள்கிறோம். சுருபத்துக்கும், கொடிமரத்துக்கும், மின்விசிறிக்கும் அன்பர்கள் தாராளமாகவே தருகிறார்கள். குழல்விளக்கில் உபயகாரர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைக்கிறது! அந்த விளக்கு எரிவதற்கான மின்கட்டணத்துக்கும், உபதேசியார், கோயிற்பிள்ளை சம்பளத்துக்கும் உபயகாரர் கிடைப்பதில்லை. அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லையே.

காமராசரால் பள்ளிப் படிப்பை முடிக்க இயலவில்லை. பன்னிரண்டு வயதளவில் தாய்மாமன் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். பின்னர் விடுதலைப் போராட்டம். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை. வெவ்வேறு காலங்களில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறைவாசம். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1954 ஏப்ரலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பகுதியில் தீப்பெட்டி ஒட்டிய சின்னஞ்சிறு கைகளை அறிந்த நமக்கும் அது விளங்கும். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர் கருவூலத்தை மட்டும் நம்பவில்லை. ஊர் மக்களிடம் கேட்டார். பிள்ளைகளின் சோற்றுக்காகப் பிச்சையெடுக்கவும் கூசமாட்டேன் என்ற பொருளில் மேடைகளில் பேசினார். ஊர்தோறும் குழுக்கள் அமைந்தன. பின்னர் அரசும் மானியம் தந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அரசின் பங்கு ஆறு, ஊரின் பங்கு நான்கு. விருதுபட்டியின் பிடி அரிசி மாநிலம் முழுவதற்கும் பரவியது என்றே நாம் கொள்கிறோம்.

எல்லா ஊரிலும் அந்த நான்கு காசு தவறாமல் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பொறுப்பெடுத்து அலையும் நாலு பேர் இருந்த ஊரில் வந்தது. இல்லாத ஊரில் தொய்ந்தது. 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலமும் கட்டடமும் பலகையும் சீருடையும் கொணர்ந்து கொடுத்தார்கள்.

1963 அக்டோபர் 2-இல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். நம் ஊருக்கு அது இன்றும் சற்றுத் தலைகுனிவுதான். 1975 அக்டோபர் 2-இல் காலமானார். தமக்கென்று சொத்துச் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது.

இவ்விழா ஆண்டில் நம் பங்கில் பொது நிதிக் குழு ஒன்றை அமைத்திருக்கிறோம். பன்னிரண்டு பேர், அவர்களுள் ஐவர் தாய்மார்கள். தாங்கள் முதலில் கொடுத்த பிறகே பிறர் வீட்டுப் படியேற வேண்டும் என்பது அவர்களே வகுத்த விதி. வரவு செலவு மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டப்படும். சில அன்பியங்களில் பிடி அரிசிக் கலயமும் வைத்திருக்கிறார்கள். ரேஷன் அரிசி போடலாமா என்று ஒரு பாட்டி தயங்கிக் கேட்டார். போடலாம் என்று சொல்லியிருக்கிறோம்.