இருட்டறையில் ஒளி கண்டவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

ஒளியை அறிய விரும்பிய ஒருவர் இருட்டறைக்குள் புகுந்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தாம் இப்னு அல் ஹைதம். கி.பி. 965ஆம் ஆண்டையொட்டி, இன்றைய ஈராக்கிலுள்ள பாஸ்ராவில் பிறந்தவர்.

நைல் நதியின் வெள்ளத்தைத் தம்மால் கட்டுப்படுத்த இயலும் என்று அவர் சொன்னது எகிப்தை ஆண்ட கலீபா அல் ஹாகிமின் காதுக்கு எட்டியது. கலீபா அவரை வரவழைத்து, ஆட்களுடன் தெற்கே அனுப்பினார். போகும் வழியெல்லாம் பண்டை எகிப்தியரின் மாபெரும் கட்டடங்கள். இவ்வளவு கணக்கறிந்தவர்கள் ஆற்றை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அஸ்வான் பக்கம் சென்று பார்த்ததும் ஐயம் உறுதியாயிற்று. வெறுங்கையோடு திரும்பினார்.

கலீபாவோ சினம் வந்தால் உயிரை வாங்கத் தயங்காதவர். அவர் கொடுத்த பதவியை மறுக்கவும் அச்சம், வகிக்கவும் அச்சம். ஆகவே பித்துப் பிடித்தவரைப் போல நடித்தார் என்று பழைய வரலாற்று நூலார் கூறுவர். 1021இல் கலீபா மறையும்வரை வீடே சிறையாயிற்று. தேர்வில் தவறிய செய்தியை வீட்டில் சொல்ல அஞ்சிக் காய்ச்சல் என்று படுத்த என்னால் அவரைப் பழிக்க முடியவில்லை!

ஏழு பகுதிகள் கொண்ட அவரது ஒளியியல் நூல் பெரும்பாலும் அக்காலத்தில் எழுதப்பட்டதாகக் கருதுகின்றனர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் நம்பியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்றார் இவர். சொன்னதோடு நின்றாரா? இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது என்பதும், துளையில் கூடும் கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதும் விளங்கின.

சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே பிறை வடிவம் விழுவதையும், துளை பெரிதானால் பிறை மறைந்து துளையின் வடிவமே தெரிவதையும் தனி நூலில் ஆராய்ந்தார். 2019 டிசம்பர் 26 கிரகணத்தன்று எங்கள் வேப்பமரத்தடியில் பிறை பிறையாக வெளிச்சம் கிடந்தது. அன்று காரணம் சொல்ல ஆளில்லை. சென்ற மாதம் காலிப் பால்பவுடர் டின்னில் ஊசித்துளையிட்டு, மறுபக்கம் எண்ணெய்த்தாள் ஒட்டி நோக்கினேன். தெருவே தலைகீழாகத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, பசுமாடு கவிழ்ந்து நடக்கிறதே என்றார்.

விடுதலைக்குப் பின் அவர் கெய்ரோவில் அல் அஸ்ஹர் பள்ளிவாசலை அடுத்து வாழ்ந்தார். ஆண்டுதோறும் யூக்ளிடின் நூலையும் தாலமியின் அல்மஜெஸ்டையும் தம் கைப்பட நகலெடுத்து 150 தினாருக்கு விற்பாராம். அதுவே அவருக்கு ஓராண்டுச் சோறு. 1040ஆம் ஆண்டையொட்டிக் காலமானார்.