விசுவநாததாஸ்

தியாகி விசுவநாததாஸ் (ஜூன் 16, 1886 - டிசம்பர் 31, 1940) தமிழ் நாடக மேடைப் பாடகரும் நடிகரும் விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். அனைவருக்கும் தெரிந்த நாடகக் காட்சிகளில் தேசியப் பாடல்களைப் புகுத்திப் பாடியமைக்காகப் பலமுறை சிறை சென்றார்.

'''வாழ்க்கைக் குறிப்பு'''

இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த சிவகாசியில் பிறந்தார். அவ்வூர் அப்போது பட்டாசுக்குப் பெயர் பெற்றிருக்கவில்லை. தீப்பெட்டித் தொழிலே அங்கு 1920களில்தான் தொடங்கியது. பின்னர் மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தார். இளமையிலேயே நாடக மேடையேறினார். மருத்துவர் (நாவிதர்) சமூகத்தில் பிறந்தவர் என்பதால் இவருடன் இணைந்து நடிக்கச் சிலர் மறுத்தனர். மேடையில் முருகனாக வணங்கப்பட்டவருக்கு இந்நிலை இருந்தது என்பது அக்காலச் சமூகத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

'''மூலக் காட்சியும் மாற்றுப் பாடலும்'''

சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இயற்றிய ''வள்ளி திருமணம்'' நாடகத்தில், தினைப்புனத்தில் பரண் மீது நின்று வள்ளி ஆலோலம் பாடிப் பறவைகளை ஓட்டும் காட்சி உண்டு. மூல நாடகத்தில் பறவைகள் பறவைகளே. கதிரைத் தின்ன வருபவை, அவ்வளவுதான். விசுவநாததாஸ் இக்காட்சியில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய ''கொக்கு பறக்குதடி பாப்பா'' என்ற பாடலைப் பாடினார். இங்கு வெண்ணிறக் கொக்கு ஆங்கிலேயரைக் குறித்தது; தினைப்புனம் நாடாயிற்று. கதையில் எதுவும் மாறவில்லை. ஆயினும் பறவை ஓட்டுவதன் பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

இதற்கு அன்றைய 'ஸ்பெஷல் நாடக' முறை இடமளித்தது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓரிரவுக்கு மட்டும் ஒன்றுகூடி நடிப்பர். கதையும் அடிப்படைப் பாடல்களும் பொதுவானவை; இடையில் தமக்கு விருப்பமான பாடலைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை நடிகருக்கு இருந்தது. மக்களும் கதையை முன்பே அறிந்திருந்ததால், புதிதாக வந்த பாடலையே கூர்ந்து கேட்டனர். காவல் துறையினரும் அவ்வாறே கேட்டனர்.

1919 ஜாலியன்வாலாபாக் படுகொலையைப் பற்றிய பாடலையும் இவர் மேடைகளில் பாடினார். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்ய அதிகாரம் அளித்திருந்தது. முருகன் வேடத்திலேயே இவர் கைது செய்யப்பட்டதுண்டு. மொத்தம் 29 முறை சிறை சென்றதாகக் கூறப்படுகிறது. மூலப் பாடல்களை மட்டும் பாடியிருந்தால் வருமானத்திற்குக் குறைவிருந்திராது. சிறைவாசத்தால் நாடகங்கள் நின்று, கடன் பெருகியது. ஆயினும் பாடல்களை இவர் கைவிடவில்லை.

'''மறைவு'''

டிசம்பர் 31, 1940 அன்று சென்னை ராயல் தியேட்டரில் ''வள்ளி திருமணம்'' நடைபெற்றது. முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் நீத்தார். அப்போது இவருக்கு வயது 54. திருமங்கலத்தில் இவருக்கு நினைவு இல்லம் உள்ளது.